சாட்சி கூடினால்

இதைச் சொன்னால் நாளையிலிருந்து மத்தியானம் தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

முதலில் வந்த நினைப்பு இதுதான். கிணறு நினைவுக்கு வரவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற பதினான்கு வீடுகள் வரவில்லை. ஈயம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. திரையில் 185 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே, ஜன்னலோரம் இருக்கும் இரண்டு ஸ்டூல்களில் ஒன்று காலியாக இருப்பதைத்தான் நான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். கையில் ஒன்றும் படவில்லை.

என் வேலை ஒரு கருவியோடு. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களை எண்ணிச் சொல்கிற பிளாஸ்மா கருவி. தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, ஆர்கான் வாயுவில் எரியும் ஒரு சுடருக்குள் அனுப்பும். சூரியனின் மேல்தோலைவிடச் சூடான சுடர். பார்க்க என்னவோ கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதற்குள் போகிற எதுவும் முழுதாக வெளியே வராது. அணு அணுவாகப் பிரிந்து, நுனியில் ஊசித்துளை உள்ள இரண்டு உலோகக் கூம்புகள் வழியாக நுழைந்து, எடைவாரியாக எண்ணப்படும். ஒரு பெரிய குளத்தில் ஒரு சிட்டிகை ஈயம் கரைந்திருந்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது.

இந்தக் கருவிக்குச் சின்ன மேடம் வைத்த பெயர் மாமியார். "உப்பு கூடினா கோபம், ரூம்ல சூடு கூடினா கோபம், ஆள் மாறினா அதைவிடக் கோபம். என் வீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணு" என்பாள்.

எங்கள் ஆய்வகத்தில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். வாசல் காவலர் முதல் நாளிலிருந்தே என்னைப் பெரிய மேடம் என்றும் அவளைச் சின்ன மேடம் என்றும் கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. கருவியை ஓட்டி நான் தரும் எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவள் வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு அறிக்கையும் இந்தக் கட்டடத்தைத் தாண்டாது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். இரண்டு பெண் குழந்தைகள், கணவன், மாமியார் என்று நிறைந்த வீடு. ஆறு வருஷமாக அந்த வீட்டை நான் அவள் டிபன் பாக்ஸ் வழியாக அறிவேன். பெரியவளுக்கு எந்தப் பல் ஆடுகிறது, சின்னவள் எந்த டீச்சர்மேல் கோபமாக இருக்கிறாள் எல்லாம் தெரியும். வீட்டு வாசலைத்தான் பார்த்ததில்லை. அவள் கூப்பிட்டதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

நான் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். கணவர் பிரிந்துபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைவரை நான் பேசவேண்டிய தேவை அநேகமாக இருக்காது. ஞாயிறு அன்று தங்கை போன் செய்வாள், ஆனால் அவள்தான் பேசுவாள். அதனால் திங்கட்கிழமை என் முதல் வார்த்தை எப்போதும் உடைந்துதான் வரும். அந்த உடைந்த வார்த்தையைக் கேட்பவள் சின்ன மேடம். "தொண்டையைச் செருமிட்டு வாங்க அக்கா, ரேடியோ இன்னும் ஸ்டேஷன் பிடிக்கல" என்பாள். வாரத்தில் நான் சிரிக்கிற முதல் சிரிப்பு அதுவாக இருக்கும்.

185 என்ன என்று சொல்கிறேன்.

கருவி நாள் முழுக்க ஒரே மாதிரி எண்ணாது. காலையில் சுறுசுறுப்பாக இருக்கும்; நேரம் போகப் போகக் கூம்பில் உப்புப் படிந்து தளரும். அதனால் ஒவ்வொரு தண்ணீரோடும், எந்தத் தண்ணீரிலும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு உலோகத்தை அளவு தெரிந்து கலந்து அனுப்புவோம். எங்களிடம் அது இண்டியம். நாம் போட்டதை நூறு என்று வைத்துக்கொண்டால், கருவி எண்பது என்கிறதா? அப்படியானால் கருவி தளர்ந்துவிட்டது. மற்ற உலோகங்களின் எண்களையும் அதே விகிதத்தில் உயர்த்திக்கொள்ள வேண்டும். நூற்றுப்பத்து என்கிறதா? இறக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கணினியே செய்துவிடும். இப்படிக் கலக்கிற உலோகத்துக்குப் புத்தகத்தில் நீளமான பெயர் உண்டு. நாங்கள் சாட்சி என்போம். எல்லா வழக்குக்கும் வந்து நிற்கும், எந்த வழக்கோடும் சம்பந்தமில்லாத சாட்சி.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். தங்கைக்குக் குழந்தை பிறந்தால் நான் போவேன். தம்பி வீடு மாற்றினால் பெட்டி கட்ட நான். யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான். எனக்கென்று அங்கே எதுவும் இல்லாததால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் புரிந்தது. அன்றைக்குக்கூட எனக்குச் சாட்சிதான் நினைவுக்கு வந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் இந்தக் கருவியின் திறனைக் கூட்ட நான் ஒரு காரியம் செய்தேன். நாங்கள் சாட்சியைத் தேவைக்கு மேல் கலந்துகொண்டிருந்தோம். அது குழாயில் ஒட்டி, கூம்பில் படிந்து, எண்ணுகிற பாகத்தைக் களைப்படையச் செய்தது. சாட்சியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன். எண்களின் தடுமாற்றம் குறைந்தது. வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்த கூம்பு இரண்டு வாரம் தாங்கியது. முன்பு தெரியாத அளவு சின்ன எண்கள்கூடத் தெரிந்தன. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பாராட்டினார். மறுநாள் மத்தியானம் சின்ன மேடம் தன் டிபன் பாக்ஸில் இருந்த இனிப்பை எனக்கே முழுசாகக் கொடுத்துவிட்டு, "மாமியாரையே பத்தியம் இருக்க வெச்சிட்டீங்களே!" என்றாள்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். புதிதாகத் துடைத்த கூம்பு போட்ட காலைகளில் சாட்சி நூற்றுமுப்பதுவரை ஏறும். கணினி எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மேல்பக்க எச்சரிக்கையை எடுத்துவிட்டேன். சரிபார்ப்பவருக்கான குறிப்புத் தாளிலும் ஒரு வரி எழுதினேன்: சாட்சி எண்பதுக்குக் கீழே இறங்கினால் மட்டும் மீண்டும் ஓட்டவும்.

இறங்குவதைப் பற்றித்தான் எங்கள் பயமெல்லாம். இருபத்திரண்டு வருஷ வேலையில் கூம்பு அடைத்துக்கொண்டு சாட்சி இறங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன். கூடுவதற்கு யார் பயப்படுவார்கள்? தங்கையும் அப்படித்தான். என் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று துடிப்பாள். நான் உற்சாகமாகப் பேசினால் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாள். தனியாக இருப்பவள் எதற்காக ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு உற்சாகமாகப் பேசுகிறாள் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

இன்று காலை இண்டியத்தோடு ரோடியம் என்ற இன்னொரு உலோகத்தையும் கலந்தேன். மத்தியானத் தளர்ச்சியை இரண்டும் ஒரே மாதிரி சொல்கின்றனவா என்று பார்க்க ஆசை. வேறு காரணம் இல்லை. பதினெட்டுத் தண்ணீரில் பதினேழுக்கு இரண்டு சாட்சியும் ஒரே பேச்சாகப் பேசின. பத்தாவதில் மட்டும் ரோடியம் 97 என்றது, இண்டியம் 185 என்றது.

ஒரே தண்ணீர், ஒரே சுடர், ஒரே நொடி. கருவி தளரவில்லை என்கிறது ஒன்று. கருவி வெறி பிடித்து எண்ணுகிறது என்கிறது இன்னொன்று.

சாட்சிக் குழாயைப் பாட்டிலில் இருந்து எடுத்து வெறும் அமிலத்தில் போட்டேன். அந்தப் பத்தாவது தண்ணீரை, எதையும் கலக்காமல், தனியாக ஓட்டினேன். இண்டியம் பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும். 85 காட்டியது. மறுபடி ஓட்டினேன். 86. மறுபடி. 85.

எந்தத் தண்ணீரிலும் இருக்காது என்று நாங்கள் நம்பிய உலோகம் அந்தத் தண்ணீரிலேயே இருந்தது.

அது ஒரு தெருக் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் பழைய டிவி, போன் திரைகளை உடைத்துப் பிரிக்கிற ஒரு கொட்டகை உண்டு என்று மாதாமாதம் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரும் அம்மா எப்போதோ சொல்லியிருந்தார். திரைக் கண்ணாடியின்மேல் பூசுவது இண்டியம். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததும் கேட்டதும் என் தலைக்குள் தனித்தனி அறையில் இருந்திருக்கின்றன.

பிறகு கணக்கு எளிது. சாட்சி 185 என்றதால் கருவி ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்ணுவதாகக் கணினி நினைத்துக்கொண்டு, ஈயத்தைப் பாதியாக இறக்கியிருந்தது. அறிக்கைக்குப் போகிற எண் 6.8. ரோடியத்தை வைத்துக் கணக்கிட்டால் 13. குடிக்கலாம் என்பதற்கு வரம்பு 10.

பழைய கோப்புகளைத் திறந்தேன். ஒன்பது மாதத்துக்கு முன்னால், சாட்சியை நான் குறைப்பதற்கு முன்னால், அதே கிணறு: ஈயம் 11.6, குடிக்கத் தகுதியில்லை. அடுத்த மாதம், என் புதிய முறையில்: 6.9. அதற்கடுத்து 6.5. எட்டு அறிக்கைகள். எட்டிலும் சாட்சி நூற்றைம்பதுக்கு மேல். முன்பு கலந்த அளவுக்குக் கிணற்று இண்டியம் ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. நான் குறைத்ததால்தான் அதன் குரல் எழும்பியது. எட்டிலும் கீழே சின்ன மேடத்தின் சாய்ந்த கையெழுத்து. எட்டில் முதல் அறிக்கையில், வழக்கத்தில் இல்லாத ஒரு வரியும் எழுதியிருந்தாள்: நீரின் தரம் மேம்பட்டுள்ளது.

பதினொரு மணிக்கு வரவேற்பில் கூப்பிட்டார்கள். மாதிரி வாங்குகிறவர் லீவு. நான் போனேன். பாட்டில் அம்மா நின்றுகொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து இரண்டு காலி பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"போன தடவை கொடுத்தது ரெண்டு மிச்சம் மேடம். உங்க பொருள், திருப்பிக் கொடுத்துடலாம்னு வந்தேன். இந்த மாசத்துது ரெடியா?"

"இன்னும் ரெடியாகலை."

"மெதுவா கொடுங்க. இப்பல்லாம் யாரு அதைப் படிக்கிறா? மொதல்ல அந்த ஒரு தடவை ஆகாதுன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அப்போ தெருவே கூடி நின்னு படிச்சோம். ரெண்டு தெரு தாண்டிப் போய்க் குடம் குடமா தூக்கினோம். என் முதுகு போச்சு. அப்புறம் நல்லாயிடுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அன்னியோட முதுகுவலி போயிடுச்சு." சிரித்தார். "டாக்டரால முடியாததை உங்க மெஷின் பண்ணிடுச்சு."

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. சரிபார்க்காத எண்ணை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. விதி என் நாக்குக்கு வசதியாக இருந்தது. பாட்டில்களை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வராந்தாவில் நின்று அவர் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்தேன். நேராகத்தான் நடந்தார், முதுகு வளையாமல்.

மத்தியானம் சின்ன மேடம் எனக்கு முன்னாலேயே ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, மாமியார் இன்னிக்கு யாரைக் குறை சொல்லுது?"

"நம்மளைத்தான்."

"நம்ம ரெண்டு பேரையுமா? அப்போ பெரிய சண்டைதான்."

"அந்தத் தெருக் கிணத்துத் தண்ணில இண்டியம் இருக்கு."

சிரித்தாள். "கிணத்துல இண்டியமா? நீங்களே கைதவறி ஊத்தியிருப்பீங்க."

"சாட்சிக் குழாயை எடுத்துட்டு மூணு தடவை ஓட்டினேன்."

அவள் கரண்டி நின்றது. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நான் கால்மணி நேரம் விளக்கியிருக்க வேண்டும். அவளுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. எண்கள் அவள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தேன். இந்த உலகத்தில் நான் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிராத ஒரே மனுஷி இவள் என்று தோன்றியது. இந்த நேரத்தில் போய் அது தோன்ற வேண்டுமா?

"ஈயம்?" என்றாள்.

"பதிமூணு."

"எத்தனை மாசம்?"

"எட்டு."

"எட்டுலயும் என் கையெழுத்து."

"எட்டையும் ஓட்டினது நான்."

மூடியை எடுத்து டிபன் பாக்ஸை மெதுவாக மூடினாள். "அந்த வரியை நான்தான் எழுதினேன்கா. மேம்பட்டுள்ளதுன்னு. யாரும் எழுதச் சொல்லல. படிக்கிறவங்க சந்தோஷப்படட்டும்னு எழுதினேன்."

"தெரியும்."

"சாட்சி ஏறியிருந்ததை நான் பாக்காம இல்ல, தெரியுமா? நூத்தி அறுபதுன்னு வந்தப்போ பாத்தேன். உங்க தாளை எடுத்துப் பாத்தேன். எண்பதுக்குக் கீழ இறங்கினா மட்டும்னு போட்டிருந்தீங்க. மட்டும்! உங்ககிட்ட வந்து கேக்கலாம்னுகூட எழுந்தேன். அக்கா எழுதினா யோசிச்சுத்தான் எழுதியிருப்பாங்கன்னு உக்காந்துட்டேன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. அதனாலேயே வலித்தது. என்மேல் ஒருத்தி வைத்திருந்த நம்பிக்கை, எட்டு மாதம், ஒரு கிணற்றுக்கு மூடி போட்டிருந்தது. அப்படி ஒரு நம்பிக்கை என்மேல் இருந்தது என்பதையே அது தப்பாய்ப்போன இடத்தில்தான் தெரிந்துகொள்கிறேன்.

"பிழைப் படிவம் போடணும்," என்றேன். "எட்டு அறிக்கையையும் திரும்ப வாங்கணும். அவங்களுக்குச் சொல்லணும்."

"போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? ஏற்கெனவே பாட்டில் நம்பர் மாறிப்போனதைப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு ஒரு நோட்டீஸ் வாங்கியிருக்கேன். இன்னொண்ணு வந்தா என் கையெழுத்தைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் நான் இங்க எதுக்கு? பாட்டில் கழுவவா?"

"குறிப்பு எழுதினது நான்னு எழுதறேன். முழுசா எழுதறேன்."

"எழுதுங்க. கையெழுத்து யாருதுன்னுதான் முதல்ல பாப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு நெருங்கினாள். "அக்கா, வேற வழி இருக்கு. ரெண்டு சாட்சி வெச்சு ஓட்டறது நல்ல முறைதானே? அதை மேம்பாட்டுப் படிவத்துல போடுவோம். இன்னிலேருந்து புது முறைன்னு. இந்த மாச அறிக்கையில பதிமூணுன்னே போகட்டும். அவங்களுக்கு இன்னிக்கே தெரிஞ்சுடும், குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. யாருக்கும் மோசம் பண்ணலையே?"

பிழைப் படிவம் பின்னோக்கிப் போகும். எந்த நாளிலிருந்து தப்பு என்று கேட்கும். மேம்பாட்டுப் படிவம் முன்னோக்கி மட்டும் போகும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதும் உண்மைதான்.

"இந்த மாசம்தான் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க," என்றேன். "எட்டு மாசமா குடிச்சது தெரியாது. பிள்ளைங்களை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்னு தோணாது."

"ஐயோ, எல்லாத்தையும் கடைசிவரைக்கும் யோசிக்காதீங்க அக்கா!" எழுந்துவிட்டாள். "உங்களுக்கென்ன, வீட்டுக்குப் போனா ஏன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. எனக்கு நாலு பேர் கேப்பாங்க."

சொன்ன கணமே முகம் மாறியது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிற பேச்சு இல்லை அது. டிபன் பாக்ஸோடு போய்விட்டாள். அவள் பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது. என்னுடையதை நான் திறக்கவே இல்லை.

அவள் சொன்னது சரிதான். ஏன் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. முன்பெல்லாம் இதைச் சுதந்திரம் என்று நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். சாயங்காலம் சாவியைத் திருப்பும்போது உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும்: ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம். நான் வேலையை இழந்தாலும் அதே சத்தம்தான், பாராட்டு வாங்கினாலும் அதே சத்தம்தான். பாராட்டு வாங்கிய அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுநாள் மத்தியானம்வரை பத்திரமாகச் சுமந்து வந்து இந்த ஜன்னலோரம்தான் இறக்கிவைத்தேன்.

அப்படியானால் நான் எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன்? அரைமணி நேரம். வாரத்தில் ஐந்து அரைமணி நேரங்கள். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன எண். ஆனால் சின்ன எண்களை எண்ணுவதுதான் என் பிழைப்பு. எது இல்லாமையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

மீதித் தண்ணீரை எல்லாம் இரண்டு சாட்சி வைத்து ஓட்டி முடித்தேன். வேறு எதிலும் குறை இல்லை. சுடரை அணைத்தேன். விசிறி நிற்க நேரம் ஆகும். அந்த இறங்குகிற ஓசைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்குச் சின்ன மேடம் வந்தாள். முகம் கழுவியிருந்தாள், தலையைச் சீவி முடித்திருந்தாள். கையில் ஒரு தாள். கருவியின் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, ஆறு வருஷத்தில் உட்கார்ந்திராத அளவுக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள்.

"மத்தியானம் நான் பேசினது தப்பு."

"பரவாயில்லம்மா."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க, திட்டுங்க. நீங்க திட்டினா எனக்கு ஆறிடும்."

"எனக்குத் திட்ட வராதே."

"வராதுன்னு தெரிஞ்சுதானே வாய் நீளுது எனக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கக்கா" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"நிஜமாத்தான். பிள்ளைங்க ரொம்ப நாளா கேக்கறாங்க, யாரும்மா அந்த பெரிய மேடம், எப்பப் பாத்தாலும் சொல்றியேன்னு. சின்னது உங்களைப் படம்கூட வரைஞ்சிருக்கு. பாத்ததே இல்ல, ஆனா வரைஞ்சிருக்கு. கையில நெருப்பு வெச்சிட்டு நிக்கறீங்க. காலையிலயே வந்துடுங்க, சாப்பிட்டுட்டுச் சாயங்காலமாப் போகலாம். ஒரு ஞாயிறுன்னு இல்ல, எப்ப வேணும்னாலும் வரலாம். நான்தான் இத்தனை நாளா கூப்பிடல. ஏன் கூப்பிடலன்னு எனக்கே தெரியல."

ஒரு நாள் முழுக்க. நான் பேசுவதைக் கேட்கிற இரண்டு பிள்ளைகள். அவள் பொய்யாகக் கூப்பிடவில்லை. எனக்குப் பொய் தெரியும், இது அது இல்லை. இந்தத் தாள் இல்லாமல் ஒரு நாள் கூப்பிட்டிருப்பாளோ என்னவோ. தாளோடுதான் கூப்பிட்டாள் என்பதற்காக அந்த அழைப்பு பொய்யாகிவிடுமா? அதை நான் எப்படி இதிலிருந்து பிரித்தெடுப்பது? எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவள் தாளை என் முன்னால் வைத்தாள். மேம்பாட்டுப் படிவம். அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். இரண்டு சாட்சி முறையைப் பற்றி நானே எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என்னைப் போட்டிருந்தாள். நடைமுறைக்கு வரும் நாள்: இன்று. காரணம்: கருவியின் செயல்திறனை மேலும் உயர்த்துதல். கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் அவள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள்.

"உங்களுக்கு இதுல நல்ல பேர்தான் வரும்," என்றாள். "இதை வெச்சு யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்காகப் போடுங்கக்கா. ஒரே ஒரு தடவை."

பேனாவை மூடி கழற்றியே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன், அவசரப்படாமல், அவள் எழுதியதற்கு மரியாதையாக. எங்கும் கிணறு இல்லை. எந்த மாதமும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கேட்டாள்.

பேனாவை மூடினேன். தாளை அவள் பக்கமாகத் திருப்பி, சுருங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டு, அதன்மேல் பேனாவை வைத்தேன்.

"இதுல நான் போட மாட்டேன்மா," என்றேன்.